மரத்தின் பெயருக்கு இலட்சங்கள் கொடுக்கும் தம்பிமாருக்கு



பதிவு கொஞ்சம் நீளம். விலை கூடிய அகௌஸ்டிக் கிட்டார் ஒன்றுக்குக் காசு சேர்க்கும் யாராவது உங்கள் நட்பு வட்டத்தில் இருந்தால் இங்கே டெக் பண்ணிவிடுங்கள்.

இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தைத் தயவுசெய்து இதன் கீழ் தொடங்க வேண்டாம். அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். ஆனால் கூடும் என்பவரும் கூடாது என்பவரும் ஒன்றுபடும் ஒரு விடயம் உண்டு. வீண்விரயம் கூடாது. நான் எழுதுவது அதைப் பற்றி.

கட்டாரிலும் டுபாயிலும் வேலை செய்யும் பழைய மாணவர்கள் சிலர் இன்பொக்ஸில் அடிக்கடி கேட்கும் கேள்வி: "சேர், ரோஸ்வுட் எடுக்கவா, மஹோகனி எடுக்கவா? பிரேசில் ரோஸ்வுட் ஒன்று வருகிறது, கடன் பட்டாவது எடுக்கலாமா?" இவர்கள் எல்லோருக்கும் ஒரு வாய்பாடு மனனம். ரோஸ்வுட் என்றால் ஆழமான பேஸ். மஹோகனி என்றால் இதமான நாதம். மேப்பிள் என்றால் பளிச்சென்ற தெளிவு. பிரேசில் ரோஸ்வுட் என்றால் மணி அடித்தாற்போல ஒலி. கடைக்காரர் சொல்கிறார், யூடியூப்காரர் சொல்கிறார், கிட்டார் குழுக்களில் எல்லோரும் திருப்பிச் சொல்கிறார்கள். பரிசோதித்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

என் நிலைப்பாடு இதுதான்: கிட்டாரின் பின்பலகையும் பக்கப்பலகையும் எந்த மரம் என்பதற்காக நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் உங்கள் கண்ணுக்குப் போகிறது. காதுக்குப் போவதில்லை.

கிட்டார் எப்படி ஒலிக்கிறது என்று பாருங்கள். கம்பி மிக மெல்லியது, அதனால் தனியே காற்றை அசைக்க முடியாது. கம்பியின் அதிர்வு பிரிட்ஜ் வழியாக மேற்பலகைக்கு இறங்குகிறது. அந்தப் பலகைதான் காற்றைத் தள்ளுகிறது. ஆகவே அது பாரம் குறைந்ததாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். ஸ்ப்ரூஸ், சீடர் மரங்களை மேற்பலகைக்கு எடுப்பது இதற்காகத்தான். அந்தப் பலகையின் தடிப்பு, அதன் உள்ளே ஒட்டும் பிரேசிங் சட்டங்களின் அமைப்பு, செய்தவரின் கை, இவைதான் ஒலியைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஒரே ஸ்ப்ரூஸ் மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை. நல்ல தயாரிப்பாளர் ஒவ்வொரு பலகையையும் வளைத்தும் தட்டியும் பார்த்துத்தான் எவ்வளவு சீவுவது என்று முடிவு செய்வார். மரத்தின் பெயர் அந்த வேலையைச் செய்து தராது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. இன்றைய கிளாசிக்கல் கிட்டாருக்கு வடிவம் கொடுத்த ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அன்டோனியோ டி டொரெஸ், 1862-இல் ஒரு கிட்டார் செய்தார். மேற்பலகை ஸ்ப்ரூஸ். பின்புறமும் பக்கங்களும் கடதாசி அட்டை! மேற்பலகையே பிரதானம் என்று காட்டுவதற்காகவே அதைச் செய்தார். அந்தக் கிட்டார் பார்சலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

"பழைய கதை வேண்டாம், ஆய்வு இருக்கிறதா?" என்பவர்களுக்கு ஆய்வும் இருக்கிறது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டது. ரொஜர் பக்னல் என்ற அனுபவமிக்க தயாரிப்பாளர் ஒரே வடிவத்தில் ஆறு கிட்டார்கள் செய்தார். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேறு வேறு: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சபேலி, வோல்நட். மற்றதெல்லாம் ஒன்று. எங்கள் விஞ்ஞானப் பாடத்தில் நாம் படிப்பிக்கும் அதே முறைதான். ஒரு மாறியை மட்டும் மாற்று, மற்றவற்றை மாற்றாதே.

பிறகு 52 கிட்டார் கலைஞர்களை மங்கலான அறையில் இருத்தி, வெல்டிங் செய்பவர்கள் போடும் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, ஒவ்வொன்றையும் வாசித்துப் புள்ளி போடச் சொன்னார்கள். ஆறு கிட்டார்களும் ஏறத்தாழ ஒரே புள்ளி. அடுத்து 31 பேரிடம், இரண்டு கிட்டார்களைக் கொடுத்த பின், மூன்றாவதாகத் தரப்படுவது அவற்றில் எது என்று கேட்டார்கள். அவர்களாலும் இலகுவாகப் பிரித்தறிய முடியவில்லை. கருவிகளால் அளந்தபோதும் சிறிய வித்தியாசங்களே தெரிந்தன. அவையும் பெரும்பாலும் கையால் செய்யும்போது இயல்பாக வரும் வேறுபாடுகள்.

இனி வழமையான மறுப்புகளுக்கு வருவோம்.

"எனக்கு வித்தியாசம் கேட்கிறதே?" கேட்கும்தான். கடையில் நீங்கள் ஒப்பிடும் இரண்டு கிட்டார்களில் மரம் மட்டுமா வேறு? கம்பி வேறு, பிரேசிங் வேறு, மேற்பலகை வேறு, விலைச்சீட்டும் வேறு. அத்தனை மாறிகளையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் காரணம் காட்டினால், சாதாரண தரப் பரீட்சையில்கூடப் புள்ளி கிடைக்காது.

"யுத்தத்துக்கு முந்திய மார்ட்டின் கிட்டார்கள் பிரேசில் ரோஸ்வுட்தானே? அந்த ஒலி இன்று வருமா?" அந்தக் கிட்டார்களில் அடிரொண்டாக் ஸ்ப்ரூஸ் மேற்பலகை இருந்தது. குடைந்து இலேசாக்கிய பிரேசிங் இருந்தது. எண்பது வருடம் காய்ந்த மரம் இருக்கிறது. மோசமாக ஒலித்தவை எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன, நல்லவையே மிஞ்சின. அதே காலத்து டி-18 மாதிரிக்குப் பின்பலகை மஹோகனி. அதையும் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

"அப்படியானால் பெரிய கொம்பனிகள் ஏன் இதைச் சொல்லவில்லை?" ஒருவர் சொன்னார். டெய்லர் கிட்டார் கொம்பனியின் பாப் டெய்லர் 1995-இல், பொருட்கள் அடுக்கும் பழைய பலட் பலகைகளை எடுத்து ஒரு கிட்டார் செய்து வர்த்தகக் கண்காட்சியில் வைத்தார். நல்ல கிட்டாரின் இரகசியம் செய்முறையில் இருக்கிறது என்று காட்டத்தான். எல்லோரும் பார்த்து வியந்தார்கள், பிறகு போய் ரோஸ்வுட்டுக்கே முன்பதிவு கொடுத்தார்கள். வாங்குபவர் பெயருக்குக் காசு கொடுக்கத் தயாராக நிற்கும்போது விற்பவர் வேண்டாம் என்பாரா?

காசு உங்களுடையது, எனக்கென்ன என்று நான் விட்டுவிடலாம். ஆனால் மரம் உங்களுடையது மட்டுமில்லை.

பிரேசில் ரோஸ்வுட்டைத் தேடித் தேடி வெட்டினார்கள். அந்நாடு முழு மரக்குற்றிகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும், மார்ட்டின் கொம்பனி 1969-இல் தன் வழமையான மாதிரிகளுக்கு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. 1992-இல் அழிந்துவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைடிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் பிரேசில் ரோஸ்வுட் சேர்ந்தது. வர்த்தகம் ஏறத்தாழ முழுத் தடை. 2017-இல் ரோஸ்வுட் குடும்பம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019-இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள், பிரேசில் மரத்துக்கு மட்டும் அந்த விலக்குக் கிடையாது. வெளிநாட்டிலிருந்து லீவில் கொண்டுவர நினைக்கும் தம்பிமார் இதைக் கவனியுங்கள். உரிய பத்திரம் இல்லாமல் அந்தக் கிட்டார் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிபோகலாம்.

இந்திய ரோஸ்வுட் என்பது எங்கோ உள்ள அதிசய மரமில்லை. தமிழில் ஈட்டி, தோதகத்தி என்போம். நீலகிரி, வயநாடு, குடகுப் பக்கத்து மரம். அதைக் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டம் கொண்டுவரும் நிலை வந்தது.

கருங்காலியின் கதை இன்னும் கிட்ட. பிரெட்போர்டுக்குச் சிறந்தது என்று கொண்டாடப்பட்ட கருங்காலிகளில் ஒன்று 'சிலோன் எபனி'. எங்கள் காட்டு மரம். காலனித்துவக் காலத்தில் வெட்டி வெட்டி ஏற்றினார்கள். இன்று சட்டத்தால் பாதுகாக்க வேண்டிய அளவுக்கு அருகிவிட்டது. சந்தை பிறகு ஆபிரிக்காவுக்குப் போனது. 2011-இல் கமரூனில் ஒரு கருங்காலி ஆலையைப் பங்காளியோடு வாங்கிய பாப் டெய்லர், பிறகு பகிரங்கமாகச் சொன்ன விடயம் இது: முழுக் கறுப்பான ஒரு மரத்துக்காகப் பத்து மரம் வரை வெட்டி, கோடு விழுந்தவற்றைக் காட்டிலேயே அழுக விட்டிருந்தார்கள். கோட்டுக்கும் ஒலிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வாங்குபவர் கண்ணுக்குக் கறுப்பு வேண்டும், அவ்வளவுதான். பூமி அமானிதம் என்று ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டும் நாம், இந்த இடத்தில் எதைச் சொல்லித் தப்புவது?

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் எழுதிய மர வாய்பாட்டை எங்கள் ஊரில் ஓதுகிறோம், எங்கள் ஊர்க் காலநிலையை மட்டும் மறந்துவிடுகிறோம். நல்ல கிட்டார்களை ஏறத்தாழ 45 முதல் 55 சதவீதம் வரையான சாரீரப்பதனில் வைத்திருக்கச் சொல்வார்கள். எங்கள் கரையோரத்தில் அது பெரும்பாலும் 70-க்கு மேல். ஏசி அறையில் காய்ந்திருந்த முழுப்பலகைக் கிட்டார் ஊருக்கு வந்ததும் ஈரத்தைக் குடித்து வீங்கும். மேற்பலகை புடைக்கும், கம்பி உயரும், பிரிட்ஜ் கிளம்பலாம். மறுபடி ஏசிக்குக் கொண்டுபோனால் சுருங்கும், வெடிக்கும். மரங்களில் இலகுவாக வெடிக்கும் பெயர் பெற்றது எது தெரியுமா? நீங்கள் கடன் பட நினைக்கும் அதே பிரேசில் ரோஸ்வுட். ஒப்பீட்டில் நிதானமான மரம் மஹோகனி. எங்கள் மரக்காலைகளில் அலுமாரிக்கும் கட்டிலுக்கும் அறுபடும் பெரிய இலை மஹோகனி இருக்கிறதே, கிட்டார் உலகம் 'ஹொண்டுராஸ் மஹோகனி' என்று தலையில் வைப்பதும் அதே இனம்தான்.

சரி, காசு இருக்கிறது, நல்லது ஒன்று வாங்க வேண்டும். என்ன செய்வது?

1. மேற்பலகை ஒட்டுப்பலகையா முழுப்பலகையா என்று முதலில் கேளுங்கள். அது கட்டாயம் முழுப்பலகையாக இருக்கட்டும்.

2. 'ட்ரிப்பிள் ஏ தரம்' என்பதற்கு மயங்காதீர்கள். அது பெரும்பாலும் பலகையின் அழகுக்கும் வரிகளின் ஒழுங்குக்கும் போடும் தரம்.

3. நண்பர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். நீங்கள் சுவரைப் பார்த்து நில்லுங்கள். ஒரே ஆள், ஒரே அறை, ஒரே பாட்டு. நான்கு கிட்டார்களையும் மாறி மாறி வாசிக்கட்டும். பிடித்ததைக் குறித்துக்கொண்டு, பிறகு திரும்பி விலையைப் பாருங்கள்.

4. மிச்சம் பிடித்த காசில் நல்ல கை ஒன்றிடம் கொடுத்துக் கம்பி உயரத்தைச் சரிபாருங்கள். நல்ல பெட்டி, ஈரப்பதன் அளக்கும் மீட்டர், சிலிக்கா ஜெல் வாங்குங்கள். இவை ஒலியைக் காப்பாற்றும்.

5. பராமரிக்க நேரமில்லை என்றால் கார்பன் ஃபைபர் கிட்டாரையும் யோசியுங்கள். அதில் மரமே இல்லை, எங்கள் ஈரமும் அதை ஒன்றும் செய்யாது.

ரோஸ்வுட்டின் வரிகள் கண்ணுக்கு அழகாக இருக்கின்றன, அதற்காக வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரோடு எனக்குச் சண்டையில்லை. அது நேர்மையான பதில். அழகுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அவர் வீட்டாரோடு பேசித் தீர்க்கட்டும். ஒலிக்காக என்று சொல்லி உம்மாவின் நகையை அடகு வைக்கும் தம்பியோடுதான் என் சண்டை, அந்தத் தம்பியை அப்படி நம்பவைத்தவர்களோடு அதைவிடப் பெரிய சண்டை.

மறுப்பவர்கள் தாராளமாகக் கமெண்டில் மறுக்கலாம். ஒரே நிபந்தனை: கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.