யாருடைய வியாதி?

நல்லவர்கள் எல்லாரும் ஒன்று சேர்ந்து, நல்ல எண்ணத்துடனேயே ஒரு மனிதருக்குச் செய்கிற துரோகம் ஒன்று நம் வீடுகளில் உண்டு. அதைச் செய்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே அதைப் பற்றி எழுத எனக்குப் பாத்தியதை இருக்கிறது.

என் அத்தைக்கு வயிற்றில் கட்டி. பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று, டாக்டர் அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, அவள் மகனையும் என்னையும் மட்டும் உள்ளே அழைத்தார். "கான்சர், முற்றிவிட்டது" என்றார். வியாதிக்குச் சொந்தக்காரி வெளியே. வியாதியைப் பற்றிய செய்தி உள்ளே. அப்போது அது எனக்குக் கொஞ்சங்கூட விசித்திரமாகப் படவில்லை.

வெளியே வந்ததும் அத்தை கேட்டாள்: "டாக்டர் என்னடா சொன்னார்?"

"ஒண்ணுமில்லே அத்தை, வயித்துப்புண்ணுதான். மருந்து சாப்பிட்டா சரியாப் போயிடும்."

இரண்டு பேர் ஆரம்பித்த பொய்யை ஒரே வாரத்தில் இருபது பேர் சொல்லலானோம். பார்க்க வந்த உறவினர்களை வாசலிலேயே மடக்கிப் பாடம் சொல்லிக் கொடுத்தோம். ரிப்போர்ட்டுகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினோம். சமையலறையில் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்து சிரித்தோம்.

அத்தைக்கு ஓர் ஆசை இருந்தது. பாகப்பிரிவினைச் சண்டையில் பேச்சு நின்றுபோன தங்கையை ஒரு முறை ஊருக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். "உடம்பு தேறட்டும், தை மாசம் போகலாம்" என்றோம். வேறென்ன சொல்வது? வயிற்றுப்புண்காரிக்கு என்ன அவசரம்? பொய் சொன்னவன் அந்தப் பொய்க்குத் தகுந்தபடி நடந்துகொண்டாக வேண்டியிருக்கிறது!

மார்கழியில் ஒரு மத்தியானம், தலையணையைச் சரி செய்த என் கையைப் பிடித்துக்கொண்டு அத்தை சொன்னாள்: "எனக்கு அன்னிக்கே தெரியும்டா. நீங்கள்ளாம் பயந்து போயிடுவீங்களேன்னுதான் நான் கேட்டுக்கலை."

அவளை நாங்கள் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவளோ, தன்னந்தனியாக எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஆள் அனுப்பித் தங்கையை அழைத்து வந்தோம். வந்தபோது அத்தைக்கு நினைவு தப்பிவிட்டது.

"உண்மையைச் சொன்னால் மனம் உடைந்து போகுமே" என்பார்கள். 'அறுபத்திரண்டில் கண்டம்' என்று ஜோசியர் சொன்னால், அன்றைக்கே சம்பந்தப்பட்டவரிடம் சொல்லிப் பரிகாரத்துக்கு அழைத்துப் போகிறோமே! அதற்கெல்லாம் உடையாத மனம் டாக்டர் சொன்னால் மட்டும் உடைந்துவிடுமோ?

நன்மை விளையுமானால் பொய்யும் மெய்க்குச் சமம் என்று வள்ளுவரைத் துணைக்கு அழைப்பார்கள். அந்த நன்மை குற்றமற்றதாய் இருக்க வேண்டும் என்றல்லவா அவர் நிபந்தனை போட்டார்? எங்கள் பொய்யால் நன்மை யாருக்கு? அத்தையின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் சங்கடம் எங்களுக்கு மிச்சமாயிற்று, அவ்வளவுதான்.

"இதெல்லாம் மேல்நாட்டு வழக்கம், நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது" என்பது இன்னொரு வாதம். மேல்நாட்டாரும் மறைத்தவர்கள்தாம். 1961-ல் சிகாகோ ஆஸ்பத்திரி ஒன்றின் டாக்டர்களை விசாரித்தபோது, நூற்றுக்கு 90 பேர் நோயாளியிடம் கான்சர் என்று சொல்லாமலிருப்பதையே விரும்பினார்கள். 1979-ல் வெளியான மற்றோர் அமெரிக்க விசாரணையில், சொல்லிவிடுவதை விரும்பியவர்கள் நூற்றுக்கு 97 பேர். பதினெட்டே வருஷத்தில் மாறிப்போகிற ஒன்றுக்குப் பண்பாடு என்று பெயர் சூட்டலாமா?

நம் பண்பாட்டையே பார்ப்போம். ஸ்ரீ ராமகிருஷ்ணர் 1886-ல் தொண்டைப் புற்றுநோயால் மறைந்தார். ஸ்ரீ ரமணர் 1950-ல் கையில் தோன்றிய புற்றுக்கட்டியால் மறைந்தார். கையையே எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னபோது வேண்டாம் என்றவர் அவர். தெரிந்திருந்ததால் அல்லவா மறுக்க முடிந்தது? அவர்களுடைய படங்களைச் சுவரில் மாட்டிவிட்டு, அதே சுவரோரம் படுத்திருக்கிறவரிடம் நோயின் பெயரை மறைக்கிறோம். "அவர்கள் ஞானிகள்" என்பீர்கள். என் அத்தை ஞானியல்ல. அவளும் தெரிந்துகொண்டுதான் தாங்கினாள்.

ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் இன்று பல புற்றுநோய்களைக் குணப்படுத்த முடிகிறது. ஆனால் பெயரைச் சொல்லக் கூசுகிற வீட்டில், மார்பில் தட்டுப்படும் கட்டியை ஒரு பெண் மாதக்கணக்கில் மறைத்து வைக்கிறாள். மறைக்க அவளுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நாம்தாம்.

உண்மையைக் கல்லை எறிவது போல எறியச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கள் உடம்பைப் பற்றி என்னென்ன தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று கேளுங்கள். "எனக்கொன்றும் சொல்லாதே, நீயே பார்த்துக்கொள்" என்று அவர் சொன்னால், சரி, அதற்கும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவர்; நாமல்ல.

டாக்டர் உங்களை மட்டும் தனியே உள்ளே அழைக்கும் நாள் ஒன்று வரலாம். அன்றைக்கு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவரையும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போங்கள். வியாதி அவருடையது.