கேப்டன்னா இப்படி இருக்கணும் பாஸ்!

தீபாவளி சமயத்து ரங்கநாதன் தெருவுல தோளால இடிச்சு வழி பண்ணிட்டுப் போயிருக்கீங்களா? அப்போ ரக்பி உங்களுக்குப் பாதி புரிஞ்ச மாதிரிதான்! அந்த ஆட்டத்துல இங்கிலாந்தின் லீட்ஸ் ரைனோஸ் அணிக்கு 7 சூப்பர் லீக் பட்டங்கள் வாங்கித் தந்த கேப்டன், கெவின் சின்ஃபீல்ட்.

அவரோட டீம்மேட் ராப் பர்ரோ. 2019 டிசம்பரில், 37 வயசுல, மோட்டார் நியூரான் நோய். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்த அதே நோய். தசைகள் ஒவ்வொண்ணா ஓயும்; பேச்சும் போயிடும்.

சின்ஃபீல்ட் என்ன செஞ்சார்? ஓடினார்! பர்ரோவின் ஜெர்ஸி நம்பர் 7. அதனால 2020 டிசம்பரில் 7 நாளில் 7 மாரத்தான். ஒவ்வொண்ணும் 42 கிலோமீட்டர். திருவான்மியூர்ல கிளம்பினா மாமல்லபுரத்தை நெருங்கிடலாம்! வசூல் 20 லட்சம் பவுண்டைத் தாண்டியது.

2021-ல் லெஸ்டர் டைகர்ஸ், பிறகு இங்கிலாந்து அணின்னு கோச் ஆனார். ஓட்டம் நிக்கலை. 2023 லீட்ஸ் மாரத்தானில் பர்ரோவை வீல்சேரில் தள்ளிட்டே ஓடி, கடைசிக் கோட்டை அவரைத் தூக்கிட்டுத் தாண்டினார்.

2024 ஜூன் 2-ல் பர்ரோ இறந்தார். மறுநாளே லீட்ஸில் அவர் பெயரிலான சிகிச்சை மையத்துக்கு வேலை ஆரம்பம். அந்த டிசம்பரிலும் சின்ஃபீல்ட் 7 நாள் ஓடினார்.

உங்க கேங்குல ரெண்டு வாரமா கிளாஸ் பக்கம் வராத ஆள் உண்டா? மாரத்தான்லாம் வேணாம். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வாங்க!