சாறு நல்லா வந்திருக்கு, மாப்பிள்ளை!

இந்த இதழைப் பிரிக்கும்போது, சிகாகோ பக்கம் இருக்கிற நீங்கள் வாசல் பனியை ஒரு தடவையாவது வழித்துத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பீர்கள். கையில் சூடாக ஒரு காபி இருக்கட்டும். போன வருஷம் என் வீட்டு அடுப்படியில் நான் பட்ட அவமானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அது சூப்பர் பவுல் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஆட்டம் பார்க்க மகனின் நண்பர்கள் ஆறு பேர் வருவதாகப் பேச்சு. எனக்கோ மார்ச் இதழின் கடைசிப் பக்கங்களை முடித்து அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். மனைவிக்கு அன்றைக்கு மருத்துவமனையில் பணி. "நீ கவலைப்படாதே, விங்ஸ் என் பொறுப்பு" என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன். அலமாரியில் வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த ஸ்லோ குக்கரை எடுத்துத் துடைத்தேன். மூன்று பவுண்டு கோழி ரெக்கைகளை அப்படியே கொட்டி, தேன், சோயா சாஸ், பூண்டு, சில்லி ஃப்ளேக்ஸ் எல்லாம் கலந்து மேலே ஊற்றி மூடினேன். காலை பத்து மணிக்குப் போட்டது. மூடியைத் திறந்தபோது மணி நாலரை.

உள்ளே ஒரு குளம். குளத்தில் ரெக்கைகள் வெளுத்துப்போய் மிதந்தன. தோல் நனைந்த காகிதம் மாதிரி சுருங்கியிருந்தது. இடுக்கியால் ஒன்றைத் தூக்கினால் எலும்பு மட்டும் வந்தது, சதை உள்ளேயே நின்றுவிட்டது. மதுரையிலிருந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருந்த என் மாமியார் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தார். மாப்பிள்ளை மனம் நோகக் கூடாது என்கிற மரியாதை அவருக்கு எப்போதும் உண்டு.

"சாறு நல்லா வந்திருக்கு, மாப்பிள்ளை" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "கோழியைத்தான் காணோம்."

பையன்களுக்கு அன்று பீட்சா வரவழைத்தோம். ஆனால் அத்தை என்னை அதோடு விடவில்லை. "எங்க ஊர்ல சுக்கா எப்படிப் போடுவாங்க, தெரியுமில்ல? கறியை வேக வைக்கிறது ஒரு வேலை. சுருளச் சுருள வதக்கி எடுக்கிறது இன்னொரு வேலை. நீங்க முதல் வேலையை மட்டும் செஞ்சுட்டுப் பேனாவைப் பிடிச்சுட்டீங்க" என்றார். அமெரிக்கச் சமையல் புத்தகம் நாலு பக்கத்தில் சொல்வதை அவர் நின்ற நிலையில் சொல்லி முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து இந்தப் பானையின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பார்த்தால், அது நம்ம ஊர்ச் சரக்கு! சிகாகோவில் வாழ்ந்த இர்விங் நாக்ஸன் என்ற பொறியாளர் உருவாக்கியது. அவருடைய அம்மா தமாரா லித்துவேனியாவிலிருந்து வந்த யூதப் பெண். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது. அதனால் அந்த ஊர்ப் பெண்கள் பயறு, பார்லி, கறி எல்லாம் போட்ட பானையைப் பொழுது சாய்வதற்குள் ரொட்டிக்கடைக்கு எடுத்துப்போவார்கள். அன்றைய வேலை முடிந்து அணைந்த ரொட்டி அடுப்பின் மிச்சச் சூட்டில் அந்தப் பானை இரவெல்லாம் வெந்து, மறுநாள் சாப்பாடாகும். 'சோலன்ட்' என்று அதற்குப் பெயர். அம்மா சொன்ன இந்தக் கதைதான் மகன் மனதில் ஒரு மின்சாரப் பானையாக உருவெடுத்தது. 1940இல் காப்புரிமை கிடைத்தது.

அவர் 'நாக்ஸன் பீனரி' என்ற பெயரில் விற்றார். பெயருக்கேற்றபடி, பயறு வேக வைக்கிற பானை என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். 1970இல் கேன்சஸ் சிட்டியின் ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கியது. மறுவருஷம், இதே சிகாகோவில் நடந்த வீட்டுச் சாமான் கண்காட்சியில், 'கிராக் பாட்' என்ற புதுப் பெயரோடு அந்தப் பானை வெளியே வந்தது. பெண்கள் பெருவாரியாக வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த காலம் அது. காலையில் போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் சோறு தயார் என்றதும் வீட்டுக்கு வீடு புகுந்துவிட்டது.

அத்தையிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் அசரவில்லை. "எங்க வீட்ல வரட்டித் தணல்ல காலையில பால் சட்டியை வச்சா, சாயந்தரம் வரைக்கும் கிடக்கும். பால் செவேல்னு ஆகி, விரல் தடிமனுக்கு ஆடை கட்டி நிக்கும். அதுக்கு யாரு காப்புரிமை வாங்குறது?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

ரெக்கைக்கும் ஒரு ஊர் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் 'ஆங்கர் பார்' என்ற உணவகம். 1964இல் ஒரு இரவு, அதை நடத்திவந்த தெரசா பெல்லிசிமோவின் மகன், பசியோடு நண்பர்களை அழைத்துக்கொண்டு வந்து நின்றான். சூப்புச் சட்டிக்குப் போக இருந்த ரெக்கைகளை அந்த அம்மாள் எண்ணெயில் பொரித்து, காரச் சாஸும் வெண்ணெயும் கலந்து புரட்டிக் கொடுத்தார் என்பது அந்தக் குடும்பம் சொல்லும் கதை. அதே ஊரில் ஜான் யங் என்ற கறுப்பினச் சமையல்காரர், மாவில் தோய்த்துப் பொரித்த முழு ரெக்கைகளை 'மம்போ' சாஸில் புரட்டி அதே காலத்தில் விற்றுவந்தார். முதலில் செய்தது நான்தான் என்று அவரும் கடைசிவரை சொன்னார். மம்போ சாஸ் என்பது இனிப்பும் காரமும் புளிப்பும் கலந்தது. ஆகவே இனிப்புக் காரம் போட்டு ரெக்கை சமைக்கிற நாமெல்லாம் ஒருவகையில் அவர் கட்சி. 1977இல் பஃபலோ நகரம் ஜூலை 29ஐ ரெக்கை நாளாகவே அறிவித்துவிட்டது. 2025 சூப்பர் பவுலை ஒட்டி மட்டும் அமெரிக்கர்கள் 147 கோடி ரெக்கைகளைத் தின்பார்கள் என்று தேசியக் கோழி கவுன்சில் மதிப்பிட்டது. சூப்புக்குப் போய்க்கொண்டிருந்த துண்டுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள். இன்றைக்குக் கடையில் பல நாள் லெக் பீஸைவிட ரெக்கைதான் விலை அதிகம்.

சரி, என் தப்புக்கு வருவோம். ஸ்லோ குக்கர் இழுக்கிற மின்சாரம் இருநூறு, இருநூற்றைம்பது வாட்தான். சூடு பீங்கான் சட்டியின் பக்கவாட்டிலிருந்து மெதுவாக ஏறும். மூடி இறுக்கமாக உட்கார்ந்திருப்பதால் ஆவி வெளியே போகாது, சொட்டுச் சொட்டாகத் திரும்ப உள்ளேயே விழும். ரெக்கையில் தோலும் நரம்பும் அதிகம். அவற்றிலுள்ள கொலாஜன் நிதானமான சூட்டில் கரைந்து ஜெலட்டின் ஆகும்போதுதான் சதை பூப்போல ஆகிறது, உதட்டில் அந்தப் பிசுபிசுப்பு ஒட்டுகிறது. இது இந்தப் பானையின் கெட்டிக்காரத்தனம். ஆனால் கறி சிவந்து முறுக, மேல்பரப்பு காய்ந்து ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். ஈரம் இருக்கிற இடத்தில் சூடு 100ஐத் தாண்டாது. நாள் முழுக்க வைத்தாலும் அந்தச் சட்டிக்குள் ஒரு ரெக்கை சிவக்காது. பொறுமைக்கும் ஒரு எல்லை இருக்கிறது என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது.

அத்தையின் சொல்படி, இரண்டு வாரம் கழித்து மறுபடி செய்தேன். ஆறு பேருக்கான கணக்கு இது.

மூன்று பவுண்டு ரெக்கை, அதாவது சுமார் 1.4 கிலோ. மூட்டில் வெட்டி இரண்டாக்கி, நுனியைத் தனியே எடுத்து வையுங்கள். நுனி சூப்புக்கு ஆகும். முக்கியமான வேலை அடுத்தது. பேப்பர் டவலால் ஒவ்வொரு துண்டையும் ஈரமில்லாமல் ஒற்றி எடுங்கள். நான் இரண்டு துண்டு ஒற்றிவிட்டு நிறுத்தியபோது, "குளிச்ச பிள்ளைக்குத் தலை துவட்டுற மாதிரி துவட்டுங்க" என்றார் அத்தை. ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுப் பிசறி வைக்கவும்.

சாஸுக்கு அரை கப் தேன், கால் கப் சோயா சாஸ், இரண்டு மேசைக்கரண்டி தக்காளி கெட்சப், இரண்டு மேசைக்கரண்டி வினிகர், நசுக்கிய பூண்டு ஆறு பல், ஒரு அங்குலம் இஞ்சித் துருவல், இரண்டு தேக்கரண்டி சில்லி ஃப்ளேக்ஸ். இதில் பாதியை ரெக்கையோடு கலந்து குக்கரில் போடவும். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம், கோழி தானே விடும். மறு பாதியைப் பச்சைக் கோழி படாமல் தனியே மூடி வையுங்கள். 'ஹை'யில் இரண்டரை மணி நேரம், 'லோ'வில் நாலு மணி நேரம் போதும். ஆறரை மணி நேரம் எல்லாம் வேண்டாம். அந்தப் பாவத்தை நான் உங்களுக்காகச் செய்துவிட்டேன். நடுவில் மூடியைத் திறந்து வாசம் பார்க்கிற ஆசையை அடக்குங்கள். ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்பி வர இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும்.

இனி சுக்கா வேலை. துண்டுகளை உடையாமல் இடுக்கியால் எடுத்து, அலுமினியத் தாள் விரித்த தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். தனியே வைத்த சாஸை மேலே தடவி, ஓவனில் 'பிராய்ல்' சூட்டில் பக்கத்துக்கு நாலைந்து நிமிடம். இந்தப் பத்து நிமிடம் போனை எடுக்காதீர்கள், வாசல் மணி அடித்தாலும் போகாதீர்கள். தேன் சிவப்பதற்கும் கருகுவதற்கும் நடுவே அரை நிமிடம்தான் இருக்கிறது. ஓரங்களில் கரும்புள்ளி விழுந்து, சாஸ் கொப்பளித்து அடங்கும்போது எடுத்துவிடுங்கள். ஓவன் இல்லாதவர்கள் இரும்புச் சட்டியைக் காய வைத்து அதில் புரட்டினாலும் அதே சுகம். குக்கரில் மிஞ்சிய சாற்றின் மேல் மிதக்கும் கொழுப்பை வழித்துவிட்டு, வாணலியில் கரண்டியில் ஒட்டும் பதத்துக்குச் சுண்ட வைத்து மேலே ஊற்றுங்கள். சுண்டச் சுண்ட உப்பு ஏறும், அதனால் கூடுதல் உப்பு எதுவானாலும் கடைசியில்.

இரண்டு எச்சரிக்கைகள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறியை உறைந்தபடியே ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். சூடு ஏறுவதற்குள் கிருமிக்கு அவகாசம் கொடுத்ததாகும். கோழி உள்ளே 74 டிகிரி தொட்டிருக்க வேண்டும். இன்னொன்று, இந்தப் பானையில் ராஜ்மா செய்கிறவர்களுக்கு. ஊறிய ராஜ்மாவைத் தனியே பத்து நிமிடம் தளதளவெனக் கொதிக்க விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் இதில் போட வேண்டும். அதிலுள்ள ஒரு நச்சுப்பொருள் குறைந்த சூட்டில் அழியாது, வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும்.

இனிப்பும் காரமும் ஏன் இப்படிச் சேர்கிறது என்று மகன் கேட்டான். மிளகாயின் கேப்சைசின் ஒரு சுவையே இல்லை. நாக்கில் சூட்டை உணர்கிற அதே நரம்பு முனைகளைத் தட்டி எழுப்பி, சுட்டுவிட்டதாக மூளையை ஏமாற்றுகிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இனிப்பு அந்த எரிச்சலைக் கொஞ்சம் தணிக்கிறது. அதனால்தான் கண்ணில் நீர் வர வர அடுத்த துண்டுக்குக் கை போகிறது. தண்ணீர் குடித்தால் காரம் போகாது, பால் பொருள்தான் கேட்கும். பஃபலோக்காரர்கள் நீலச் சீஸ் சாஸில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் தயிர்ப்பச்சடி.

இந்த இதழில் குளிர்காலச் சமையலுக்கு எட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். பல கட்டுரைகள் கோடையிலேயே வந்து என் மேஜையில் ஊறிக்கொண்டிருந்தவை. கடைசி இரண்டு இரவுகள்தான் அவற்றை வாணலியில் போட்டுப் புரட்டினோம். கருகியது ஏதாவது கண்ணில் பட்டால் தயங்காமல் எழுதுங்கள். உங்கள் வீட்டில் இரவெல்லாம் தணலில் கிடந்து வெந்த பண்டம் ஒன்று இருந்திருக்கும். அதைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், ஏப்ரல் இதழில் போடுகிறோம்.

இரண்டாம் தடவை ரெக்கை சரியாகவே வந்தது. பையன்கள் விரலை நக்கிக்கொண்டு மாடிக்குப் போன பிறகு, அத்தைக்குத் தனியே எடுத்து வைத்திருந்த தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாக்கப்பட்டுப் போன வீட்டில் பதினாலு பேர். ஒரு கோழி அடித்தால் கால் ஆண்களுக்கு, நெஞ்சு பிள்ளைகளுக்கு, ஈரல் மாமனாருக்கு. சமைத்தவருக்குச் சட்டியின் அடியில் கழுத்தும் ரெக்கையும் கிடக்கும்.

ஒரு துண்டை எலும்பு பளிச்சென்று தெரியும்வரை நிதானமாகச் சாப்பிட்டார். எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"அந்த வீட்ல எனக்குன்னு மிஞ்சினதே இதுதான், மாப்பிள்ளை" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இதுல இம்புட்டு ருசி இருக்குன்னு நான் யார்கிட்டயும் மூச்சு விட்டதில்ல."

அன்புடன்,
ஆசிரியர்