வானிலை அறிக்கை பொய் என்கிற பொய்

மதுரையில் டீக்கடை பெஞ்சு முதல் அரசு அலுவலக வராந்தா வரை ஒரே பேச்சு: "அவங்க மழைன்னு சொன்னா அன்னைக்கு வெயில் கொளுத்தும்." கேட்பவர்களும் சிரித்தபடி தலையாட்டுகிறார்கள். அந்தத் தலையாட்டலைத்தான் கண்டிக்கிறேன். இந்த நம்பிக்கை தவறானது மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட.

2024 அக்டோபர் 25-ஐ எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. பிற்பகலில் பதினைந்தே நிமிடத்தில் 4.5 செ.மீ. கொட்டியது, அன்றைய மொத்தம் 9.8 செ.மீ. மதுரைக்கு ஆண்டு முழுக்கக் கிடைப்பதே சுமார் 85 செ.மீ.தான். அதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு கால் மணி நேரத்தில் இறங்கிவிட்டது. பந்தல்குடி வாய்க்கால் தாங்கவில்லை. செல்லூரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வைகை அணை 66 அடி, 68.5 அடி, 69 அடி என்று எட்டும்போது விடப்படும் மூன்று எச்சரிக்கைகளையும் நம் ஊர் மதிக்கிறது. ஆனால் அன்றைய வெள்ளம் அணையிலிருந்து வந்ததல்ல. நம் தலைக்கு மேலிருந்த மேகத்திலிருந்து வந்தது. மேகத்தைப் பற்றிச் சொல்லும் அறிக்கையைத்தான் நாம் மதிப்பதில்லை.

சொன்ன மழை ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் முதலில் என்ன சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். "மதுரை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை" என்றால், மாவட்டத்தின் மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் கால் பங்கில் கனமழை பதிவாகும் என்று பொருள். வானிலைத் துறையில் இதற்கு வரையறை உண்டு. மீதி முக்கால் பங்கு இடங்களில் கனமழை இல்லாமல் போனாலும் அறிக்கை சரிதான். மதுரைச் சமவெளியின் இடிமழை அப்படிப்பட்டது. பகல் வெப்பத்தில் எழும் காற்று, மேற்கே மலையிலிருந்து வருவது, கிழக்கே கடலிலிருந்து வருவது எல்லாம் சேரும் இடத்தில் மேகம் குவிகிறது. அதன் அகலம் சில கிலோமீட்டர்தான். ஆனையூர் நனையும், திருப்பரங்குன்றத்தில் புழுதி பறக்கும். புழுதியில் நிற்பவர் தன் மொட்டைமாடியை வைத்து மாவட்டம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்.

எந்தத் தெருவில் பெய்யும் என்று முந்தின நாளே சொல்ல உலகில் எந்த நாட்டாலும் முடியாது. ஆனால் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கை இருக்கிறது. மேகம் வளர வளர அது மாறும். கர்டர் பாலத்தடியில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை முன்கூட்டியே இறக்க, சுரங்கப்பாதையை மூட, பள்ளிக்கூட வேனை நிறுத்திவைக்க மூன்று மணி நேரம் போதும். அந்த நேரத்தை நகைப்பில் கரைத்துவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று யாரைத் திட்டுவது?

அறிக்கைகள் தவறுவதே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குப் பெய்தது. தென்மாவட்டங்களுக்கு எச்சரிக்கை இருந்தது. இவ்வளவு பெய்யும் என்று யாரும் சொல்லவில்லை. அது பெரிய குறைதான். ஆனால் அளவு பிசகிய எச்சரிக்கையும் ஆட்களை மேட்டுக்கு ஏற்றப் போதுமானது. 1999-இல் ஒடிசாப் புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013-இல் பைலின் புயல் வந்தபோது அதே கடற்கரையில் லட்சக்கணக்கானவர்களை முன்பே வெளியேற்றினார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. கணிப்பு மேம்பட்டிருந்தது உண்மை. கணிப்பை நம்பி நகர்ந்த ஜனங்களும் இருந்தார்கள்.

இந்த ஆண்டு எத்தனை மரக்கால் மழை என்று சித்திரையில் பஞ்சாங்கம் வாசிக்கிறோம். ஆண்டு முடிவில் அதை எவரும் சரிபார்ப்பதில்லை. தினமும் தன் கணக்கைத் திறந்து காட்டும் துறையைத்தான் பொய்யன் என்கிறோம்.

காட்டுத்தீ பற்றிய கணிப்புக்கும் இதே கதி. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். பிப்ரவரி முதலே புல் காய்ந்து கிடக்கும் மலை அது. வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம் மூன்றையும் பார்த்தாலே தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்று கணிக்கலாம். மலைக்குக் கிளம்புகிறவர்களில் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புபவர் எத்தனை பேர்?

இந்த அவநம்பிக்கையால் லாபம் அடைபவர்கள் உண்டு. அறிக்கையை யாரும் நம்பாத ஊரில், வாய்க்காலைத் தூர்வாராதவர்கள் "எதிர்பாராத மழை" என்று சொல்லித் தப்பிக்கிறார்கள். கண்மாய்களை மண்ணடித்து மனை போட்டவர்களும் தப்பிக்கிறார்கள். எச்சரிக்கை வந்த நேரம் ஊருக்குத் தெரிந்திருந்தால் அந்தச் சொல் எடுபடாது.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். 2024-இல் அந்த மழை கொட்டியபோது மதுரையில் ராடார் இல்லை. இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராடாரின் கற்றை இங்கு வருவதற்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. மேகத்தின் அடிப்பகுதி அதன் கண்ணில் படாது. தென்மாவட்டச் சமவெளியை அருகிலிருந்து பார்க்கும் ராடார் வேண்டும். வார்டுக்கு ஒரு மழைமானி வேண்டும். ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் எச்சரிக்கை எத்தனை மணிக்கு வந்தது, மாநகராட்சியின் முதல் மோட்டார் எத்தனை மணிக்குச் செல்லூருக்குப் போனது என்ற இரண்டு நேரங்களையும் அடுத்த நாளே பொதுவில் ஒட்ட வேண்டும்.