சதுரங்கப் பலகை: இராணியை இழந்தும் வென்ற ஆட்டம்



சென்ற மாதம் ஹல்துமுல்லைத் தோட்டம் ஒன்றில் பெண்கள் கூடியிருந்தபோது ஒரு சகோதரி கேட்டார்: "இந்த வெளையாட்டு சோறு போடுமா டீச்சர்?"

கலவரத்துக்குப் பயந்து மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போன குடும்பம் அவருடையது. அங்கே யுத்தத்தில் கணவரைப் பறிகொடுத்துவிட்டு, இப்போது உறவினர் லயத்தில் இருந்து கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கின்றார். பாடசாலையில் சதுரங்கம் பழகும் மகளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பும் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

சோறு போடாது என்று உண்மையைச் சொன்னேன். பின்னர் அட்டையில் கட்டம் கீறி, சோடா மூடிகளை அடுக்கி, ஓர் ஆட்டத்தை ஆடிக் காட்டினேன். அதையே இம்மாதம் உங்களுக்கும் தருகின்றேன்.

பஞ்சாபைச் சேர்ந்தவர் மீர் சுல்தான் கான். சேர் உமர் ஹயாத் கான் என்ற நிலப்பிரபு 1929 இல் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே போகும் இந்திய முறையில் பழகிய அவர், அதே ஆண்டில் பிரித்தானிய சம்பியனானார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் அவருக்கு எதிரே அமர்ந்தவர் முன்னாள் உலக சம்பியன் கப்பபிளாங்கா.

கறுப்புக் காய்களுடன் ஆடிய கப்பபிளாங்கா 'இராணி இந்தியத் தற்காப்பு' என்னும் தொடக்கத்தை எடுத்தார். மந்திரியை இராணிப் பக்க ஓரமாக நிறுத்தி, தூரத்திலிருந்தே பலகையின் நடுவைக் கண்காணிக்கும் முறை இது. சுல்தான் கான் ஐந்தாவது நகர்வில் இடது ஓரச் சிப்பாயை ஒரேயொரு கட்டம் தள்ளினார். எதிரியின் மற்ற மந்திரி வந்து தம் குதிரையை மடக்காதபடி முன்கூட்டியே போட்ட வேலி அது. பின்னாளில் உலக சம்பியனான பெத்ரோசியன் விரும்பி ஆடியதால், இன்று அந்த நகர்வு அவர் பெயரால் அழைக்கப்படுகின்றது.

ஆட்டத்தின் நடுவே கப்பபிளாங்கா தமது இரண்டு கோட்டைகளையும் கொடுத்து வெள்ளை இராணியை வெட்டினார்.

"போச்சு!" என்றார்கள் எல்லோரும்.

"எண்ணிப் பாருங்கள்" என்றேன். இராணிக்கு 9 புள்ளி, கோட்டைக்கு 5. "ஒம்பது போயி பத்து வந்திருக்கு" என்று அந்தச் சகோதரிதான் முதலில் சொன்னார். சுல்தான் கானின் இரு கோட்டைகளும் ஒன்றுக்கொன்று காவலாக நின்றன.  அவசரமின்றி நெருக்கி, 65 நகர்வுகளில் அவர் வென்றார்.

அதே நிலப்பிரபுவின் வீட்டில் பணிபுரிந்த பாத்திமா என்ற இளம்பெண் 1933 இல் பிரித்தானியப் பெண்கள் சம்பியனானார். சுல்தான் கான் 1966 இல் காலமானார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை உலக சதுரங்கச் சம்மேளனம் அவருக்கு வழங்கியதோ 2024 இல்தான்.

கூட்டம் கலைந்த பின் அந்தச் சகோதரி மூடிகளைப் பொறுக்கித் தந்தார். "அவரு போனதோட எல்லாம் முடிஞ்சிருச்சுனுதான் நெனச்சேன் டீச்சர். நானும் புள்ளயும் ஒன்னா நின்னா இன்னும் கொஞ்சம் தாங்கலாம் போல இருக்கு. பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும் அனுப்பல."

அரிசிக்கும் கொப்பிக்கும் அவர் படும் பாடு குறையவில்லை. ஆனாலும் இம்மாத வகுப்புக்கு மகள் வந்திருந்தாள்.

பயிற்சி: இரண்டு கோட்டைகளை ஒரே வரிசையில், இடையில் வேறு காய் இல்லாமல் வையுங்கள். எதிரியின் இராணி ஒன்றை வெட்டினால் என்ன நடக்கும்? வீட்டுப் பிள்ளைகளுடன் ஆடிப் பாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.