பாடி எர்த்து

பழைய அம்பாசிடரோ பத்மினியோ காலையில் ‘செல்ஃப்’ எடுக்க மறுத்தால் நம்மவர்கள் முதலில் பழி சுமத்துவது பேட்டரியின் மீதுதான். விற்பவரும் அதை மறுக்கப் போவதில்லை. புதிய பேட்டரி வந்து அமரும். சில வாரங்கள் வண்டி ஓடும். பின்னர் அதே முனகல். நோய் இன்னதென்று அறியுமுன் உறுப்பை மாற்றும் இவ்வழக்கத்தை நாம் கடுமையாக மறுக்கிறோம்.

மின்சாரம் போனால் மட்டும் போதாது, திரும்பவும் வேண்டும். போவதற்குத் தாமிரக் கம்பி உண்டு. திரும்பும் வழியோ வண்டியின் இரும்புடலே. ஆனால் எஞ்சின் அவ்வுடலின் மேல் நேரடியாக அமர்ந்திருக்கவில்லை. ரப்பர் தாங்கிகள் இடையில் உள்ளன. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இரண்டையும் இணைக்கப் பின்னல் போன்றதொரு தாமிரப் பட்டையை வைத்தார்கள். எண்ணெயிலும் மழைநீரிலும் பல்லாண்டு கிடந்த அப்பட்டை பாதி இற்றிருக்கும். அல்லது அதன் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருக்கும். பெயின்ட் அடிப்பவர் அவ்விடத்தையும் விடாமல் அழகுபடுத்தியிருப்பதும் உண்டு! அப்போது செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் வேறு வழி தேடுகிறது. சோக் கேபிளோ ஆக்சிலரேட்டர் கேபிளோ தொட முடியாதபடி சுட்டால் ஐயமே வேண்டியதில்லை. ஆல்டர்நேட்டரும் எஞ்சினோடு பிணைந்ததாகையால், அது ஆக்கும் மின்சாரமும் இதே பட்டையைக் கடந்தே பேட்டரியை அடைய வேண்டும். புதிய பேட்டரி பட்டினி கிடப்பது இதனாலேயே.

சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக்குமிழிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்ல வேண்டும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திரும்பும் வழியில் தடை உள்ளது. உப்புத்தாளால் தேய்ப்பதோ புதிய பட்டை இடுவதோ தீர்வு. அடுத்து, ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் நிற்கும் நல்ல பேட்டரி, எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை உயர வேண்டும். உயராவிடில் ஃபேன் பெல்ட்டின் தளர்வைப் பார்த்துவிட்டு ஆல்டர்நேட்டரிடம் செல்லலாம். பல வண்டிகளில் டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு வழியாகத்தான் அதற்கு முதல் தூண்டல் கிடைக்கிறது. அச்சிறு பல்பு எரிந்துபோனாலும் சார்ஜ் தொடங்காமற் போகலாம்.

எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் கைவழக்கம் டைனமோ காலத்தின் எச்சம். ஆல்டர்நேட்டர் உள்ள வண்டியில் அது டயோடுகளைக் கொல்லும். இதைச் செய்யும் கை எவ்வளவு அனுபவமுள்ளதாயினும் தடுத்தே ஆக வேண்டும்.

சொல்லைப் பற்றியும் ஒன்று. இதனைப் ‘புவித்தொடர்பு’ என்றெழுதுவோர் உளர். நான்கு ரப்பர் சக்கரங்களின் மேல் நிற்கும் வண்டிக்குப் புவியோடு என்ன தொடர்பு? 1950களின் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனையையே உடலோடு பிணைத்தனர். அங்கும் ‘எர்த்து’ என்றது உடலைத்தான். பட்டறைக்காரர் ‘பாடி எர்த்து’ என்கிறார். பாதி ஆங்கிலம், மீதியும் ஆங்கிலம். ஆயினும் பொருளைச் சரியாகத் தொட்டுவிட்டது. கலைச்சொல் ஆக்குவோர் ‘உடலிணைப்பு’ என்று வைத்திருக்கலாம். 2014இல் அம்பாசிடரின் உற்பத்தியே நின்றுவிட்டது. பட்டறைகளில் இன்னும் அச்சொல் புழங்குகிறது. பேட்டரி விலையைச் சொல்லுமுன் “பாடி எர்த்து பாத்தீங்களா?” என்று கேட்பவரிடம் வண்டியை ஒப்படைக்கலாம்.