மார்கழியில் சைக்கிள் மிதிக்கும் பிள்ளைகளுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் சித்தப்பா மகனின் பேரன் வீட்டுக்கு வந்தான். காலேஜ் முதல் வருஷம். நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டும் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறான். "தாத்தா, இந்த ஞாயிறு பழநிக்குப் போறோம். போயிட்டு வர நூத்தி இருபது கிலோமீட்டர். காலையில மூணரைக்குக் கிளம்பணும். அம்மா விட மாட்டேங்குது. நீங்க சொன்னா கேக்கும்" என்றான். குழுவை நடத்துபவன் யாரென்று கேட்டேன். என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவன்தான். கணக்கில் நல்ல மார்க் வாங்கியவன். அதனால்தான் இதைக் கணக்காகவே சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் சைக்கிளுக்கு எதிரி இல்லை. பனியில் சைக்கிள் ஓட்டினால் சளி பிடிக்கும், மஃப்ளர் கட்டு என்று பயமுறுத்தும் ஆளும் இல்லை. நம் திண்டுக்கல் சமவெளியில் நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்க மார்கழியும் தையும்தான் மாதங்கள். சித்திரையில் எட்டு மணிக்கே தார் ரோடு கொதிக்கும். ஆடியில் ஒட்டன்சத்திரம் பக்கம் அடிக்கிற மேல்காற்றில் சைக்கிள் பின்னோக்கிப் போகும். இப்போதோ குளத்தில் தண்ணீர் இருக்கிறது, சிறுமலை பச்சையாக இருக்கிறது, பத்து மணி வரைக்கும் வெயில் உறைக்காது. போக வேண்டியதுதான்.

ஆனால் மூன்றரை மணிக்கு எதற்கு? ஜனவரியில் நம் ஊரில் ஆறரை மணி தாண்டித்தான் சூரியன் வருகிறது. மூன்றரைக்குக் கிளம்பினால் பழநிக்குப் போகிற பாதை முழுக்க இருட்டு. அந்த நேரத்தில் அந்த ரோட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். காரைக்குடிப் பக்கத்திலிருந்து நத்தம் வழியாக நம் ஊருக்கு வந்து பழநிக்கு நடக்கும் பாதயாத்திரைக்காரர்கள். வெயிலுக்குப் பயந்து அவர்களும் இருட்டில்தான் நடக்கிறார்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வந்து போகும் காய்கறி லாரிகள். லைட்டே இல்லாத பால்காரர். ரோட்டோரத்தில் காயப் போட்டு, கல் அடுக்கி, தார்ப்பாய் மூடிய மக்காச்சோளம். அந்தக் கல்லைப் பகலில் பார்த்தாலே சிரமம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு நொடிக்குச் சுமார் 17 மீட்டர் நகரும். குளத்தங்கரைப் பனியில் 50 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், ஓட்டுநருக்கு உங்களைக் கண்டபின் கிடைப்பது மூன்று நொடி. அதற்குள் அவர் பார்த்து, புரிந்து, பிரேக் அடிக்க வேண்டும். நடந்து போகிறவர்களின் பையில் போலீசார் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி விடுவது இதனால்தான்.

இரண்டாவது கணக்கு வேகம். "சார், கூட்டமா போனா இருபத்தி நாலுல போவோம், மெதுவா வர்றவங்க பின்னாடி வந்துக்குவாங்க" என்றான் நம் தலைவன். பழநி 60 கிலோமீட்டர். மணிக்கு 24 என்றால் இரண்டரை மணி நேரம். மணிக்கு 20 என்றால் மூன்று மணி நேரம். மிச்சம் அரை மணி. அந்த அரை மணியில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். அடிவாரத்தில் டீ குடித்து போட்டோ எடுக்கிறார்களாம்!

காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த மாதங்களில் நமக்கு வாடைக் காற்று, வடகிழக்கிலிருந்து. பழநி நமக்கு மேற்கே. போகும்போது காற்று முதுகைத் தள்ளும், எல்லோரும் வீரர்கள். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அடிக்கும், வெயிலும் ஏறியிருக்கும். குளிரில் தாகம் தெரியாததால் தண்ணீரும் குடித்திருக்க மாட்டார்கள். புதிதாக வந்த பையன் விருப்பாச்சி தாண்டுவதற்குள் பின்தங்குவான். ஒருவர் பின் ஒருவராக ஒட்டிப் போனால் பின்னால் வருபவருக்குக் காற்றின் தடை நன்றாகவே குறையும். குழுவாகப் போவதன் லாபமே அதுதான். கூட்டத்திலிருந்து பிரிந்தவனுக்கு அந்த லாபம் போய்விடுகிறது. களைத்தவனிடமிருந்துதான் அதைப் பிடுங்குகிறோம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வேகம்தான் பெருமை என்பவர்களுக்கு ஒரு செய்தி. பிரான்ஸ் நாட்டுக்காரர்கள் உருவாக்கிய ப்ரெவே என்ற நெடுந்தூரச் சைக்கிள் பயணம் இப்போது நம் நாட்டிலும் நடக்கிறது. 200 கிலோமீட்டருக்கு அவர்கள் கொடுக்கும் நேரம் பதின்மூன்றரை மணி. சாப்பாடு, பஞ்சர் எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வராது. முதலில் வந்தவனுக்குப் பரிசு கிடையாது. இருட்டில் முன்விளக்கு, பின்விளக்கு, ஒளிரும் சட்டை கட்டாயம். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் குழுவாக ஓட்டுபவர்கள் மட்கார்டு மாட்டி வருவார்கள். தன் துணியைக் காப்பாற்ற மட்டுமல்ல, பின்னால் வருபவர் முகத்தில் சேறு அடிக்காமல் இருக்க. நம் ஆட்கள் லட்ச ரூபாய் சைக்கிள் வாங்கினால் முதலில் கழற்றுவது மட்கார்டைத்தான்.

(ஒரு காலத்தில் நகராட்சி வில்லை இல்லாமலும், இரவில் டைனமோ எரியாமலும் போனால் நிறுத்திக் காற்றைப் பிடுங்கி விடுவார்கள். திட்டிக்கொண்டே தள்ளிப் போவோம். இப்போது நினைத்தால் டைனமோ விஷயத்தில் அவர்கள் செய்தது சரிதான்.)

இனி, இதுவரை சொல்லாத ஒன்று. அந்தப் பையனின் தாத்தாவிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

1978 ஜனவரி, பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும். நாங்கள் ஐந்து பேர், பழநிக்குச் சைக்கிளில் கிளம்பினோம். எனக்கு இருபது வயது. தம்பிக்குப் பதினெட்டு. அவனுடையது வாடகை சைக்கிள், செயின் அடிக்கடி கழலும். மூன்று மணிக்குக் கிளம்பினோம், நிலவும் இல்லை. ரெட்டியார்சத்திரத்துக்கு முன்னால் "அண்ணே, செயின் கழண்டிருச்சு" என்று பின்னாலிருந்து கத்தினான். எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. "மாட்டிட்டு வாடா, மெதுவாத்தான் போறோம்" என்று சொல்லிவிட்டு மிதித்தேன். மெதுவாகப் போகவில்லை. முன்னால் போன மூன்று பேரைப் பிடிக்க வேண்டும் என்ற வேகம்.

ஒட்டன்சத்திரத்தில் டீ குடித்தோம். வரவில்லை. வந்துவிடுவான் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். பழநி போய், படி ஏறி, சாமி கும்பிட்டு இறங்கும்போது மணி பத்து. அப்போதுதான் பயம் வந்தது.

செயினை மாட்ட ரோட்டோரம் குனிந்திருந்தவனை ஏதோ வண்டி தட்டிவிட்டுப் போயிருக்கிறது. பாலத்துக்குக் கீழே கிடந்தான். தொடை எலும்பு முறிந்து, விடியும் வரை. காவடியோடு நடந்து வந்தவர்கள்தான் முனகல் கேட்டு இறங்கித் தூக்கியிருக்கிறார்கள். அவன் போலீஸ் வேலைக்குத் தயார் செய்துகொண்டிருந்தான். ஓட்டத்தில் எங்கள் தெருவில் அவனை அடிக்க ஆள் கிடையாது. கால் கூடியது, ஆனால் ஒரு அங்குலம் குட்டை.

எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அவன் விழுந்தது தெரியும். அவன் என்னைக் கூப்பிட்டது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். சித்தப்பா கேட்டபோதுகூட "அண்ணன் முன்னாடி போயிருச்சு, சத்தம் கேட்டிருக்காது" என்று சொல்லிவிட்டான். நாற்பத்தெட்டு வருஷம். முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் நின்று உங்களுக்கெல்லாம் உண்மை பேசச் சொல்லிக் கொடுத்தேன்.

போன வாரம் அவனிடம் போய், எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுண்ணே. ஆனா பேரனைப் போக வேண்டாம்னு எழுதிராத, அவன் நல்லா மிதிக்கிறான்" என்றான்.

ஆகவே போக வேண்டாம் என்று எழுதவில்லை. தலைவனிடம் பேசிவிட்டேன். முதலில் முனகினான். வேகமாகப் போக ஆசைப்படுகிறவர்களுக்குச் சலிப்பாக இருக்கும் என்றான். அவர்கள் தனியாக ஒரு நாள் வேகமாகப் போகட்டும், குழு என்று பெயர் வைத்தால் கடைசி ஆளின் வேகம்தான் குழுவின் வேகம் என்றேன். குழுவில் நன்றாக மிதிக்கும் ஒருவர் எப்போதும் கடைசியில் வர வேண்டும், பஞ்சர் சாமானும் பம்பும் அவரிடம் இருக்க வேண்டும், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்றும் சொன்னேன். ஒத்துக்கொண்டான்.

இந்த ஞாயிறு கிளம்பும் நேரம் ஆறேகால், மலைக்கோட்டை அடிவாரம். பழநி இல்லை, ஒட்டன்சத்திரம் வரை போய்த் திரும்புகிறார்கள், 60 கிலோமீட்டர். பின்விளக்கு இல்லாத சைக்கிளைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். என் முழங்காலுக்கு ரெட்டியார்சத்திரம் வரைதான் வரும். நான் அங்கே நின்றுகொள்கிறேன். தம்பி பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றிருக்கிறான், சிறுமலைப் பழம் ஒரு தாரோடு. வருகிறவர்கள் சனிக்கிழமை ராத்திரிக்குள் எனக்குப் போன் செய்யுங்கள், பழம் எத்தனை வேண்டும் என்று கணக்குப் பார்க்க வேண்டும்.